இத்தாலிக் கடல்

டொராண்டோ. வெக்ஸ்போர்டில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியிலுள்ள டிராவல் ஏஜென்சியில் உட்கார்ந்திருக்கிறேன். சென்னை திரும்பும் வழியில் இத்தாலி பார்க்க ஆசை. ஏஜென்ட் யாழ்ப்பாணத்துப் பெண், ஏறக்குறைய என் வயது. விசா, ரயில், டிராவலர்ஸ் செக் என்று நான் கேட்பதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறார்.

"சிசிலியில கடல்ல குளிக்கலாமா?" என்கிறேன்.

அவர் பேனாவைக் கீழே வைக்கிறார்.

"என்னங்க, கடல்னா உங்களுக்குப் பயமா?" என்று சிரிக்கிறேன்.

"என்ரை தம்பி உந்தக் கடலாலைதான் இத்தாலிக்குப் போக வெளிக்கிட்டவன். படகு கவிண்டு போச்சு. உடம்புகூடக் கிடைக்கேல்லை."

என் முகம் எரிகிறது. அந்தச் சிரிப்பை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது? மேசையில் விரித்து வைத்திருந்த கடற்கரைப் படத்தை அவசரமாக மடிக்கிறேன்.

"சிசிலி வேண்டாங்க. ரோமோட நிறுத்திக்கிறேன்."

"எனக்காக விடாதேங்கோ." அவர் படத்தை மறுபடி விரிக்கிறார். "நான் எத்தினையோ பேருக்கு அங்கை ரிக்கற் போட்டுக் குடுத்திட்டன். நான் மட்டும் இன்னும் போகேல்லை. போனால், அந்தக் கடல் எப்பிடி இருக்கெண்டு வந்து சொல்லுங்கோ."

நான் தலையை ஆட்டுகிறேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.