கரையான்காரர் காதில் பஞ்சு

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கரையான்காரர் என்பார்கள். ஆகவே நான் கரையான்காரர் சம்சாரம். கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷத்தில் பழகிவிட்டது.

வீடுகளில் கரையான் ஒழிக்கிற தொழிலில் அவர் கெட்டிக்காரர். அதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ஒரு வீட்டுக்குப் போனால் எடுத்தவுடன் மருந்து டப்பாவைத் திறக்க மாட்டார். முதலில் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டை, சொட்டுகிற குழாய், சுவரில் சாய்த்து வைத்த விறகு என்று ஈரமும் மரமும் சேர்கிற இடமாகப் பார்த்துக் குந்துவார். சன்னலோரம் இறக்கை உதிர்ந்து கிடந்தால் உள்ளங்கையில் வைத்து அளப்பார். நான்கு இறக்கையும் ஒரே நீளம் என்றால் கரையான். முன்னது நீளம், பின்னது குட்டை என்றால் எறும்புதான், பயமில்லை என்று எழுந்துவிடுவார். சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் முழுதாகச் சுரண்ட விடமாட்டார். ஒரு விரல் அகலம் மட்டும் உடைத்துவிட்டு, மூன்று நாள் கழித்து வருவார். உடைத்த இடம் அடைபட்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகுதான் வீட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டி மண்ணுக்கு மருந்து ஊற்றுவது, தரையோரம் துளை போடுவது எல்லாம்.

போகிற வீட்டிலெல்லாம் அவர் கத்துவது ஒன்றுதான். "கோட்டு மேல மட்டும் மருந்த ஊத்தாதீங்கம்மா. அது சாகாது. வேற வழி பாத்து உள்ள போயிடும்."

இதை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். கேட்டும் என்ன பயன்?

பரண் செய்தபோது ஐந்து பலகை மிஞ்சியது. கோழிக்கூண்டுக்கு ஆகும் என்று கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்தேன். "அங்க வைக்காதே, வரவழைக்காதே" என்றார். "கரையான்காரர் வீட்டுக்குள்ள வர எந்தக் கரையானுக்குத் தைரியம் இருக்கு?" என்று நான் நக்கலடித்தேன். அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, பலகையை நகர்த்தினால் பின்னால் சுவரில் மண் கோடு. என் இடுப்பு உயரம் ஏறியிருந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவர் ஆரம்பித்தால் ஒரு வருஷத்துக்கு ஓயாது. தெருவில் தெரிந்தாலோ சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். அவர் குளித்துக்கொண்டிருந்தார். பலகைகளைக் குப்பை வண்டியில் போட்டேன். கோட்டைச் சுரண்டிக் கழுவினேன். மறுநாள் அதே இடத்தில் அதே கோடு. மறுபடி சுரண்டினேன். மறுபடி வந்தது. நான் இந்தப் பக்கம் தூங்கும்போது அந்தப் பக்கம் யாரோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் அவருடைய டப்பாவிலிருந்து ஒரு மூடி மருந்தைத் திருடிக் கோட்டின் மேலேயே ஊற்றினேன். அதோடு நின்றது. சுவரடிக்குச் சுண்ணாம்பும் அடித்தேன். "வீட்ட பளிச்சுன்னு வச்சிருக்க" என்று பாராட்டினார்.

பதினைந்து நாள் போயிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைச் சாய்த்தார்.

"உனக்குக் கேக்குதா?"

"என்ன?"

"காகிதத்தைக் கசக்கற மாதிரி."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. அதைத்தான் சொன்னேன்.

அன்று முதல் வீடு வேறு மாதிரி ஆனது. அடுப்படியில் வேலையாக இருப்பேன், திரும்பிப் பார்த்தால் நடையில் சுவரோடு ஒட்டி நிற்பார், கண் மூடியிருக்கும். திருப்புளியின் பிடியால் ஒரு தட்டுத் தட்டுவார். காத்திருப்பார். "பதில் வருது" என்பார். கலைத்துவிட்டால் காவல் கரையான்கள் தலையால் மரத்தை முட்டும், அந்தச் சத்தம் என்பார். தோட்டம் முழுக்கத் தேடினார். கோடு இல்லை, இறக்கை இல்லை, ஈரம் இல்லை. என் சுண்ணாம்புக்கு முன்னாலேயே மண்டியிட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அடுத்த துணியை உதறினேன்.

மகளுக்குப் போன் போட்டேன். "அப்பாவ காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா" என்றாள். அழைத்துப் போனேன். வருஷக்கணக்காகத் துளை போடும் மெஷின் சத்தத்தில் நின்ற காது, அதற்குள்ளேயே இரைச்சல் வரும், கண்டுகொள்ளாதீர்கள் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவருக்கு முகம் செத்துவிட்டது.

அதற்குப் பிறகு போகிற வீட்டிலும் அவருக்குத் தன் காதின் மேல் நம்பிக்கையில்லை. கதவு நிலையைத் தட்டுவார், சத்தம் கேட்கும். உள்ளே இருக்கிறதா, தன் தலைக்குள் இருக்கிறதா? மூன்று தடவை தட்டிவிட்டு, "வேற ஆள வச்சுப் பாத்துக்குங்க" என்று திரும்பி வந்துவிடுவார். ஒரு மாதத்தில் வேலைக்குப் போவதே நின்றது. இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வாய் மூடாத மனுஷர், பேச்சே இல்லை. ஒருநாள் மட்டும், "எனக்குப் பைத்தியம் பிடிக்குதா? மறைக்காம சொல்லு" என்றார். "சும்மா இருங்க" என்று அதட்டினேன்.

ஒரு மத்தியானம் படுக்கையறைக் கதவு நிலையைத் துடைத்தேன். பெயிண்டில் குண்டூசித் துளை, அதன் வாயில் ஒரு துணுக்கு மண். விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. மரம் இல்லை. பெயிண்ட் மட்டும்தான் நிலையாக நின்றுகொண்டிருந்தது. துளைக்குள் வெள்ளையாக நெளிந்தது. கையை உதறிவிட்டு, என்ன தோன்றியதோ, விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

டிக் டிக் டிக் என்று உள்ளேயிருந்து வந்தது. காதை வைத்தேன். கீழேயிருந்து மேல் வரை, தலைக்கு மேலும், காகிதம் கசங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன அதே சத்தம்.

ஒரு நல்ல பொம்பளை அந்த நிமிஷமே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள். நான் சோப்பைப் பிசைந்து துளையை அடைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். பதினோரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்தேன். அவர் முதுகு அந்த நிலையைப் பார்த்திருக்க, அதற்குப் பக்கத்திலேயே இருவரும் படுத்தோம்.

பன்னிரண்டாம் நாள் காலை ஓர் ஆள் வந்து நின்றான். துளை போடும் மெஷினை விலைக்குக் கேட்டு வந்தவன். அவர் அதைத் துணியால் துடைத்து, வயரைச் சுருட்டி, அவன் கையில் கொடுக்கப் போனார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. மெஷினைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். "இது விக்கறதுக்கு இல்ல, போப்பா" என்று அந்த ஆளை அனுப்பினேன். அவர் காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். கையைப் பிடித்துக் கொண்டுபோய், அவர் விரலாலேயே சோப்பைக் குத்தினேன்.

விரல் உள்ளே இறங்கியது. அவர் அதை உள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு சிரித்தார். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது, அவர் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிக்கிறார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணும் இல்லடி!"

"ஒண்ணும் இல்லீங்க."

விரலை எடுத்து முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனை. சிரிப்பு நின்றது.

"எத்தன நாளா?"

பலகையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

வீட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டினார், தரையோரம் துளை போட்டார், நிலையைப் பெயர்த்து எரித்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. "கரையான்காரர் வீட்டுலயே கரையானா?" என்று இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். இவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் நான் அவரைப் பைத்தியமாக்கப் பார்த்தேன்.

இப்போது வேலைக்குப் போகிறார். என்னோடு நன்றாகவே பேசுகிறார். ஆனால் வீட்டில் எப்போதாவது அவருக்கு ஏதோ சத்தம் கேட்கும். எனக்குத் தெரிந்துவிடும். "என்னங்க?" என்பேன். "ஒண்ணுமில்ல" என்பார். செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், அங்கே தைத்துக்கொண்டிருக்கிற அம்மாவைக் கூட்டிவந்து சுவரோரம் நிறுத்துவார்.

"கொஞ்சம் காத வச்சுப் பாருங்கம்மா. உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

நானும் அங்கேதான் நிற்கிறேன். என்னைக் கேட்பதில்லை.