ஆறு புள்ளி வண்டு

தம்பி முருகேசனின் அவரைத் தோட்டத்தில் ஒரு கல்லைப் புரட்டியதும் அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியது. கட்டைவிரல் நீளக் கருவண்டு ஒன்று வெயிலில் ஓடியது. முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளிகள். தம்பி மகள் அதைப் பார்க்கக் குனிந்தாள்.

"கிட்டப் போகாதடி!" என்று அலறி அவளை இழுத்தேன்.

இதே பேத்துப்பாறைச் சரிவில், ஒன்பது வயதில், அப்படி ஒரு வண்டைப் பவுடர் டப்பாவில் வளர்த்தேன். புழுவைப் போட்டால் நறுக்கித் தின்னும். சீண்டினால் பின்பக்கத்திலிருந்து புளித்த நெடியடிக்கும் நீரைப் பீய்ச்சும். கையில் பட்டால் தீயாய் எரியும். தெரிந்தேதான் நாலு வயதுத் தம்பியிடம் டப்பாவைக் குலுக்கிக் கொடுத்தேன்.

"உள்ள மிட்டாய் இருக்குடா. தெறந்து பாரு."

கை எரிந்து குதிப்பான் என்று நினைத்தேன். அவன் முகத்தருகே வைத்துத் திறந்தான்.

பீய்ச்சியது கண்ணில் பட்டு அவன் துடித்தான். வண்டு ஓடிவிட்டது. டப்பாவைப் புதரில் எறிந்தேன். களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"கண்ணுல தூசி விழுந்துருச்சும்மா."

அம்மா கண்ணை ஊதிவிட்டு, முந்தானையால் ஒற்றினாள்.

மறுநாள் வத்தலக்குண்டு டாக்டர் கேட்டார்: "உடனே தண்ணி ஊத்திக் கழுவியிருந்தா கண்ணு தப்பிச்சிருக்கும். என்னம்மா பட்டுச்சு?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"தூசிதான்," என்றேன்.

இப்போது முருகேசன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தான்.

"ஒரு வண்டுக்குப் போயி இப்படிக் கத்துறியேக்கா! அது என்ன செஞ்சிரும்?"

பூ விழுந்த இடக்கண்ணோடு, சிரித்தபடி, என் பதிலுக்காக நின்றான்.