வழுக்கி விழுந்தவர்கள்

கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டு போடுவது என் வேலையாக இருந்தது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்து எலும்பை இழுத்து நேராக்குவார். பஞ்சு வைத்து, நனைத்த சுருளைச் சுற்றி, இறுகும்வரை பிடித்துக்கொண்டிருப்பது நான். பைக்கில் விழுந்தவர்கள் வருவார்கள், சாரத்திலிருந்து விழுந்தவர்கள் வருவார்கள். போலீஸ் கூட்டி வருபவர்கள் மட்டும் எல்லாரும் ஒரே இடத்தில் விழுந்திருப்பார்கள். ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகத்தான் பதிவேட்டில் எழுதுவோம். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம்.

கட்டுப் போட்ட கையோடு அவர்களைச் சுவரோரம் நிறுத்தி எடுத்த படம் மறுநாள் எல்லார் போனிலும் வந்துவிடும். நானும் அதைப் பார்த்துச் சிரித்தவன்தான். ஒருமுறை என் மனைவியிடம் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, அது நான் போட்ட கட்டு என்று பெருமையாகச் சொன்னேன். அவள் பார்த்துவிட்டு போனைத் திருப்பித் தந்தாள்.

அந்த இளைஞனை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டுவந்தார்கள். முட்டுக்காட்டுக்குத் தெற்கே ஒரு குப்பத்துப் பிள்ளை, கடலுக்குப் போகிறவன். சுற்றுலா வந்த ஒரு பெண்ணின் செயின் காணாமல் போன வழக்கு. அவனால் நடக்க முடியவில்லை. ஒரு ஏட்டும் ஒரு போலீஸ்காரரும் அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தார்கள். இரண்டு பாதமும் ஊதி, தோல் பளபளவென்று இருந்தது.

வழுக்கி விழுகிறவன் கையை ஊன்றுவான், மணிக்கட்டு உடையும். தலையை மறைக்கக் கையைத் தூக்குகிறவனுக்கு முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு உடையும். அவனுடைய இடது கையில் அங்கேதான் உடைந்திருந்தது. வலது கையில் இரண்டு எலும்பும் நொறுங்கிக் கிடந்தன.

டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். போன் வந்ததென்று ஏட்டு வெளியே போனார். கூட இருந்த போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். அவன் உதடு அசையாமல் பேசினான்.

"அண்ணாத்த, நான் வழுக்கல. ஒரு கை தடுக்கச்சொல்ல போச்சி. இன்னொண்ண பெஞ்சு மேல வெச்சி அடிச்சாங்க. வவுத்துல மிதிச்சாங்க. ஒண்ணுக்கு ரத்தமா போவுது. டாக்டராண்ட சொல்லு."

கட்டு இறுகும்போது சூடாகும். என் இரண்டு கைக்குள்ளும் அவன் கை சூடாகிக்கொண்டிருந்தது. பேசாமல் இரு, கட்டு காயட்டும் என்றேன். ஏட்டு திரும்பி வந்து அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் டாக்டரிடம் போய்ச் சொல்லவில்லை. வழுக்கி விழுந்தான் என்று டாக்டர் எழுதியதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

மூன்றாம் நாள் கிளைச்சிறையில் அவன் செத்துப்போனான்.

உடலை வாங்க மாட்டோம் என்று அவனுடைய அம்மா சொல்லிவிட்டார். மருத்துவர் குழு வைத்து, வீடியோ எடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று குப்பத்துப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து ஒரு பெண் வக்கீல் வந்தார். மதுராந்தகம் ஸ்டேஷனில் கால் உடைக்கப்பட்ட ஒரு கொத்தனாரும், லாக்கப்பில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணும் அவரோடு வந்திருந்தார்கள். அதுவரை அவரவர் மனுவை அவரவர் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் மதியம் நான் டியூட்டிக்கு வந்த பஸ் அங்கே நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலைந்து போகச் சொல்லும் அறிவிப்பு எதுவும் என் காதில் விழவில்லை. லத்திகள் இறங்கின. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருப்பதற்குள் முதுகிலும் தலையிலும் அடி விழுந்தது. ஒரு பெண்ணை முடியைப் பிடித்துத் தார்ச்சாலையில் இழுத்துப் போனார்கள். அவள் முழங்கால் தோல் சாலையிலேயே உரிந்தது. கொத்தனாரால் ஓட முடியவில்லை. அவருடைய ஊன்றுகோலைப் பிடுங்கி அதனாலேயே அடித்தார்கள். வக்கீலம்மா கண்ணாடி நொறுங்கி, மூக்கில் ரத்தம் வழிய, அடிப்பவர்களின் சட்டையில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். பஸ்ஸில் யாரோ செல்போனைத் தூக்கிப் படமெடுக்க, அந்த ஜன்னல் கண்ணாடிமேலும் ஒரு அடி விழுந்தது.

அன்று மாலைவரை என் அறையில் ஆள் ஓயவில்லை. செத்தவனுடைய அம்மாவும் வந்தார். நெற்றியில் தையல். இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார். பாதி சுற்றியிருந்தேன். அப்போது கேட்டார்.

"எம்புள்ளைக்கு நீ தான கட்டு போட்டது? உன்னாண்ட இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"வலிக்குதுன்னு கூடவா சொல்லல?"

நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். தேவைக்கு மேல் இரண்டு சுருள் சுற்றியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

படாளத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேலை போகுமே என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னால் நல்லது என்றுகூட நினைத்தேன். அந்த அம்மாவுக்கு எப்போது சொல்லப் போகிறாய் என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குப்பத்தின் மீன் ஏலக் கொட்டகையில் அடிபட்ட குடும்பங்கள் கூடியிருந்தன. எங்கள் காலனி ஆட்கள் யாரும் மீனவக் குப்பங்களுக்குள் போய்ப் பழக்கமில்லை. என்னைப் பார்த்ததும் போலீஸ் ஆள் என்றுதான் நினைத்தார்கள். நின்றபடியே சொன்னேன். எலும்பு எங்கே உடைந்திருந்தது, அவன் என்ன சொன்னான், நான் என்ன செய்யவில்லை. சிறுநீரில் ரத்தம் என்று சொன்னபோது செத்தவனுடைய அண்ணன் எழுந்து வந்து என்னை அறைந்தார். கீழே விழுந்தேன். விலாவில் இரண்டு உதை விழுந்தது. அந்த அம்மா தடுக்கவில்லை. வக்கீலம்மாதான் நடுவில் வந்து இழுத்தார்.

நான் எழுந்து மணலைத் துப்பிய பிறகு அந்த அம்மா கேட்டார். "இத ஜட்ஜாண்ட சொல்லுவியா?"

சொல்லுவேன் என்றேன்.

மாஜிஸ்திரேட் விசாரணைக்கு முந்தின நாள், பட்டப்பகலில், ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் என் பைக்கை மதுராந்தகம் ஏரிக்கரை வளைவில் உதைத்துத் தள்ளினார்கள். தோள்பட்டை விலகியது. கழுத்தில் கட்டிய தூளியில் கையைப் போட்டுக்கொண்டு போய்ச் சாட்சி சொன்னேன். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் சிறுநீரகம் சிதைந்திருந்ததாகச் சொன்னது. ஏட்டும் இன்னொருவரும் கைதானார்கள். ஜாமீனில் வெளியே வந்து, ஒருவர் வேறு ஸ்டேஷனில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. என்னை மாவட்டத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தக் கொட்டகைக் கூட்டம் நிற்கவில்லை. மாதம் ஒருமுறை கூடுகிறோம். யாரையாவது ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள் என்று தகவல் வந்தால், பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேர் உடனே போய் வாசலில் உட்கார்ந்துவிட வேண்டும். வக்கீலம்மா அதிகாரிகளுக்கு எழுதிப் போடுவார். திட்டுவார்கள், தண்ணீர் ஊற்றுவார்கள். கொத்தனாரை இன்னொரு முறையும் அடித்தார்கள். அப்படியும் போகிறோம்.

போன மாதம் எங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டுகிற ஒருவரைக் கூட்டிப் போனார்கள். அந்த அம்மா இரண்டு பஸ் மாறி வந்து ஐந்து மணி நேரம் ஸ்டேஷன் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஐந்து மணி நேரமும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதுமே அப்படித்தான், வேலை இருந்தால் மட்டும் பேசுவார். சாயங்காலம் அந்த டிராக்டர்காரர் வெளியே வந்தார். கன்னம் வீங்கியிருந்தது, உதடு கிழிந்திருந்தது. அந்த அம்மா எழுந்து போய் அவருடைய இரண்டு கைகளையும் தோளிலிருந்து விரல்வரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒண்ணுக்குப் போய்விட்டு வரச் சொன்னார். அவர் வந்து சொல்லும்வரை அங்கேயே நின்றிருந்தார்.