ஆர்ச்டீக்கன் நாற்காலி

எங்கள் ஊர்க் கோயிலில் யாரும் உட்காராத நாற்காலி ஒன்று இருந்தது. கோயில் என்றதும் ஆவூர்ப் பெரிய கோயிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆவூர் கத்தோலிக்கர்களுடையது, அந்தக் கோயில் வாசலுக்குள் எங்கள் கோயிலை அப்படியே தூக்கி வைத்துக் கதவைச் சாத்திவிடலாம். எங்களுடையது ஆலங்குடிக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டு ஓரத்தில், வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலிக்கன் சபை கட்டிய ஓட்டுக் கட்டடம். ஆறு பெஞ்சு, ஒரு மணி, முப்பது குடும்பம். இவ்வளவு சின்னக் கோயிலுக்கு அவ்வளவு பெரிய நாற்காலி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் நாங்களும் காத்திருப்போம்.

தேக்கு நாற்காலி. என் உயரத்துக்கு மேல் நிற்கும் முதுகு, அதன் உச்சியில் சிலுவை, கைப்பிடி நெடுக திராட்சைக் கொடி. அப்பா சனிக்கிழமைதோறும் தேங்காய் எண்ணெய் தொட்டு அதைத் துடைப்பார். அப்பாதான் அந்தக் கோயிலின் உபதேசியார். ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், புதுக்கோட்டையிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு வந்து போவார்; மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவதும், கோயில் சாமான்களைக் காப்பதும் அப்பா பொறுப்பு. நாங்கள் குடியிருந்த வீடும் கோயில் வீடுதான். வேலை போனால் வீடும் போகும்.

அந்த நாற்காலியின் கதையை அப்பா சொன்னால் எனக்குக் கை ரோமம் சிலிர்த்துக்கொள்ளும். ஆதித் திருச்சபையில் பேராயர்களுக்கு உதவியாக டீக்கன்மார் என்று சிலர் இருந்தார்களாம். அவர்களில் மூத்தவர் ஆர்ச்டீக்கன். பிரசங்கம் பண்ணுவதல்ல அவருக்கு முக்கியம். ஏழைகளுக்குப் பங்கிடுவதும் பேராயரின் காரியங்களைப் பார்ப்பதும்தான். காலம் போகப் போக, இங்கிலாந்தில் அவர் பேராயரின் கண்ணாகவே ஆகிவிட்டார். பேராயர் போகுமுன் இவர் போவார். கூரை ஒழுகுகிறதா, மணி ஒலிக்கிறதா, பாத்திரம் சரியாக இருக்கிறதா என்று ஊர் ஊராகப் பார்த்து எழுதுவார். அங்கே பேராயருக்குப் பயப்படாதவன்கூட ஆர்ச்டீக்கனுக்குப் பயப்படுவான் என்று அப்பா சொல்லுவார், ஏதோ நேற்றுத்தான் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

கம்பெனிக் கப்பல்கள் ஓடிய காலத்தில் அந்தப் பதவியும் கடல் தாண்டி வந்தது. மதராசுக்கென்று தனிப் பேராயர் வருவதற்கு முன்பே ஆர்ச்டீக்கன் வந்துவிட்டாராம். கல்கத்தாவில் பேராயர், மதராசில் அவருடைய கண். அப்படி வந்தவர்களின் வரிசையில் யாரோ ஒரு துரை, மாட்டு வண்டியில் எங்கள் முந்திரிக்காடு வரைக்கும் வந்திருக்கிறார். அவர் உட்காருவதற்காகச் செய்ததுதான் அந்த நாற்காலி. கடலைத் தாண்டி, மதராசைத் தாண்டி, இத்தனை பெரிய ஒன்று எங்கள் ஊரைத் தேடி வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது! வானத்திலிருந்து விழுந்த நட்சத்திரம் எங்கள் கொல்லையில் கிடப்பதாகச் சொல்லியிருந்தால்கூட நான் அவ்வளவு அசந்திருக்க மாட்டேன்.

நாடு விடுதலையாகி, சபைகள் பலவும் ஒன்றாகச் சேர்ந்தபோது எங்கள் பக்கம் ஆர்ச்டீக்கன் என்ற பதவி இல்லாமல் போயிற்று. வேலை மட்டும் போகவில்லை. வட்டத் தலைவர் என்று மூத்த ஐயர் ஒருவர், பேராயர் வருமுன் வந்து அதே மாதிரிப் பார்ப்பார், துரைமார் எழுதிய அதே சாமான் புத்தகத்தில் எழுதுவார். ஊரில் பழைய ஆட்கள் அவரையும் ‘ஆர்ச்டீக்கன் ஐயா’ என்றுதான் சொன்னார்கள். ஆனால் வந்த எந்த வட்டத் தலைவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போய்விடுவார்களாம். உண்மையான ஆர்ச்டீக்கன் போல ஒருவர் வந்து அதில் உட்காருவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கு அந்தப் பத்து வயதில் இருந்த பெரிய ஆசை.

அந்த வருடம் வைகாசியில் பேராயர் வருவதாக இருந்தது. ஞாயிறன்று அவர், அதற்கு முன் வெள்ளிக்கிழமை வட்டத் தலைவர். புதிதாகப் பதவிக்கு வந்தவர், ரொம்பக் கண்டிப்பு என்று பேச்சு. பக்கத்து ஊர் உபதேசியார் ஒருவர் சாமான் புத்தகத்தில் உள்ள ஒரு விளக்கைக் காட்ட முடியாமல் போய் வேலையை இழந்திருந்தார். அப்பா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த நேரத்தில்தான் அம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

பக்கத்து வீட்டில் எங்களுக்கு ஒரு பெரியம்மா. சொந்தமில்லை, அவர்கள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற குடும்பம். ஆனால் நான் பிறந்தபோது முதலில் தூக்கியது அவர் கை. அவர் மகளுக்குப் பொன்னமராவதியில் மாப்பிள்ளை. ஆலங்குடி மண்டபத்தில் வியாழக்கிழமை பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பூ முடித்து விடுகிற சடங்கு அது. அவர்கள் கடைகண்ணி உள்ள குடும்பம். பிளாஸ்டிக் நாற்காலியில் பெண்ணை உட்கார வைத்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று பெரியம்மாவுக்குக் கவலை. அம்மா யோசிக்கவே இல்லை. வியாழக்கிழமை விடியக்காலை, அப்பா சுண்ணாம்பும் மெழுகுவத்தியும் வாங்க முதல் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போனதும், நாற்காலி பெரியப்பாவின் டிராக்டரில் ஏறிவிட்டது.

“சாயங்காலம் திரும்பி வந்துரும். ஒங்கப்பாட்ட மூச்சு விட்டே, தோலை உரிச்சுருவேன்” என்றாள் அம்மா என்னிடம்.

டிராக்டரில் வைக்கோல் மேல் அது ஆடி ஆடிப் போவதைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் யாரும் இல்லாதபோது நான் அதில் உட்கார்ந்து பார்த்திருந்தேன். அந்தக் குற்றத்துக்குத்தான் நாற்காலியே எங்களை விட்டுப் போகிறது என்று நினைத்தேன். என்னத்தைச் சொல்ல, அந்த வயதில் உலகத்தில் நடக்கும் எல்லாம் நான் செய்ததால்தான் நடந்தது.

பத்து மணி இருக்கும். வாசலில் ஜீப் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து மெழுகுவத்திப் பொட்டலத்தோடு அப்பா இறங்கினார், முகமெல்லாம் பெருமை. பஸ்ஸுக்கு நின்றவரை வட்டத் தலைவர் வழியில் பார்த்து ஏற்றிக்கொண்டு, ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார். ஓட்டி வந்ததும் அவரே. இறங்கி நிமிர்ந்தபோது ஜீப்பே சின்னதாகிப் போனது. கறுத்த மனிதர். வெள்ளை அங்கி, கறுப்புக் கச்சை, நெஞ்சில் வெள்ளிச் சிலுவை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கதையில் கேட்ட ஆள் கதையிலிருந்து இறங்கி வந்து எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

சாமான் பார்ப்பதற்கு எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. அவர் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்ததை நாங்கள் தூக்கிக் காட்ட வேண்டும், உபதேசியார் “இருக்கிறது ஐயா” என்று சொல்ல வேண்டும். “மணி, ஒன்று” என்றார். நான் போய்க் கயிற்றை இழுத்து ஒரு தடவை அடித்தேன். இருக்கிறது ஐயா. வெள்ளிப் பாத்திரம் ஒன்று. அம்மா தூக்கிக் காட்டினாள். இருக்கிறது ஐயா. தட்டு, விளக்கு, பீட விரிப்பு, பெஞ்சு ஆறு. அவர் பக்கத்தைத் திருப்பினார்.

“நாற்காலி, தேக்கு, ஒன்று. ஆர்ச்டீக்கன் துரை அமர்வதற்கு மட்டும்.”

“இருக்கிறது ஐயா” என்று சொல்லிக்கொண்டேதான் அப்பா திரும்பினார். நாற்காலி இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு ஆண் அழப்போகும் முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். என் அப்பா முகமாகவா அது இருக்க வேண்டும்!

அம்மா முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. நாந்தான் குடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் புள்ளைக்குப் பூ வைக்கிறாக. கவுரவமா ஒக்காரட்டும்னு குடுத்தேன். எழுதுறதா இருந்தா எம்பேரை எழுதுங்க” என்றாள்.

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

“பார்க்காம எழுத முடியாது. வண்டில ஏறுங்க” என்றார்.

ஆலங்குடி வரைக்கும் அப்பா மெழுகுவத்திப் பொட்டலத்தைக் கீழே வைக்க மறந்து மடியிலேயே வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணை எழுப்பிவிட்டு நாற்காலியைத் தூக்கி வந்துவிடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். பெரியம்மாவுக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை. நான் தெரிந்த ஜெபங்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் சந்தன வாசனை. நடுவில் எங்கள் நாற்காலி. அதில் பச்சைப் பட்டுடுத்திப் பெரியம்மா மகள் அக்கா உட்கார்ந்திருந்தாள், சிலுவைக்கு நேர் கீழே நெற்றிச்சுட்டி. வாசலில் வெள்ளை அங்கியைப் பார்த்ததும் அக்கா பதறி எழுந்தாள். பொன்னமராவதிக்காரர்களும் என்னமோ ஏதோவென்று எழுந்தார்கள். அத்தனை பேரும் நிற்க, நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

பெரியப்பா ஓடி வந்து தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் தட்டினார். “வாங்க சாமி, ஒக்காருங்க. ஒங்க நாக்காலிதானே சாமி.”

இதோ உட்காரப் போகிறார்! ஆதித் திருச்சபையிலிருந்து கடல் கடந்து வந்தது எல்லாம் இந்தப் பட்டப்பகலில் என் கண்ணுக்கு முன்னால் நடக்கப் போகிறது. அப்பாவின் வேலை, அம்மாவின் பயம் எல்லாமே எனக்கு மறந்துவிட்டது.

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார். கைப்பிடியில் செதுக்கியிருந்த கொடிமேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒக்காரும்மா. யாரு வந்தாலும் நீ எந்திரிக்கக் கூடாது.”

அக்கா உட்கார்ந்தாள். அவர் நாலடி பின்னால் போய், இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். வேறு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பூ வைத்து முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் ஜன்னல் கட்டையில் சாமான் புத்தகத்தை வைத்து எழுதி, அப்பாவிடம் கொடுத்தார். அப்பா வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அம்மா அப்போதுதான் அழுதாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். அந்த நாற்காலிக்கு நேராக வருடா வருடம் ஒவ்வொரு கையெழுத்திலும் “பத்திரமாக இருக்கிறது” என்றே எழுதியிருந்தது. கடைசி வரி மட்டும் வேறு: “இருக்கிறது. உபயோகத்தில் இருக்கிறது.”

திரும்பி வரும்போது ஜீப்பில் அவர் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். அவருடைய அப்பாவும் உபதேசியார்தானாம், வேறொரு ஊரில். அங்கேயும் இதே மாதிரி ஒரு நாற்காலி இருந்ததாம். துரை உட்கார்ந்து கேள்வி கேட்பார், இவர் அப்பா கைகட்டி நிற்பார். “எத்தன மணி நேரமானாலும் ஒக்காருன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல உபதேசியாரே. அந்தத் தொரைப் பதவியே போனப்புறமும் எங்கப்பா அந்த நாற்காலிப் பக்கம் போனா கையைக் கட்டிக்கிருவாரு.” பாவம், கால் வலித்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

எனக்கு என் ஏமாற்றம்தான் பெரிதாக இருந்தது. அழுகை அழுகையாக வந்தது. அடக்க முடியாமல் பின்னாலிருந்து கேட்டேவிட்டேன்: “ஏங்கய்யா நீங்க அதுல ஒக்காரவே இல்ல?”

அப்பா என் தொடையைக் கிள்ளினார். வட்டத் தலைவர் ஜீப் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒக்காந்தாச்சே பாப்பா. இன்னைக்கித்தானே நாம எல்லாரும் ஒக்காந்தோம்” என்றார்.

வீடு வந்து சேர்கிற வரைக்கும் நான் விரல் விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் நின்றார். அப்பா வாசல் தூணோடு நின்றார். அம்மா பெரியம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பெஞ்சு மேல் ஏறி நின்றேன். இவ்வளவு பெரிய ஐயர், சிலுவையைப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளையிடம் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.