நாற்பத்தெட்டு என்று எழுதியவர்

எனக்கு மறதி கிடையாது. மறந்துவிட்டேன் என்று நான் சொன்னால் அது பொய்.

கீரனூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய், கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலான, உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் கெர்னலுக்கு டிரைவர் எழுதுவது என் பிழைப்பு. டிரைவர் என்றால் சிப்போடு பேசும் நிரல். ஒவ்வொரு சிப்பிலும், அது செய்யும் வேலையை எண்ணிக்கொண்டே இருக்கும் கவுன்ட்டர்கள் உண்டு. வீட்டுக் கரண்ட் மீட்டர் மாதிரிதான். கடைசி எண்வரை ஓடிவிட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்தச் சுற்றைக் கவனித்துச் சரியாகக் கூட்டிச் சொல்வது டிரைவரின் பொறுப்பு.

முதல் சிப்புக்கு நான் எழுதினேன். அதன் கவுன்ட்டர் நாற்பத்தெட்டு பிட் அகலம்; பிட் என்பது மீட்டரில் இலக்கம் மாதிரி, கூடக் கூடச் சுற்று பெரிதாகும். இரண்டாவது சிப் வந்தபோது டீம் லீடரிடம் போனேன்.

"சார், தொடங்குறது, நிறுத்துறது, படிக்கிறது எல்லாம் ஒண்ணுதான். பொதுவா ஒரு ஃபைல்ல வச்சிட்டு, மாறுற எண்ணை மட்டும் சிப்புக்குச் சிப்பு கொடுத்துரலாம்."

"வேண்டாத வேலைம்மா. அது வேற சிப், இது வேற சிப்" என்றார்.

நான் பிரசவ விடுப்பில் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அடப்பாவி, லீடர் என் ஃபைலை அப்படியே எடுத்து, சிப்பின் பெயரையும் மேலே இருந்த என் பெயரையும் மட்டும் மாற்றி, இரண்டாவது சிப்புக்குத் தன் டிரைவராக அனுப்பியிருக்கிறார்! மீட்டிங்கில் கைதட்டல் வேறு. "ஒவ்வொரு வரியும் நானே ஒக்காந்து எழுதுனது" என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. கைக்குழந்தையோடு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தவள், வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவர் பதவி உயர்ந்து வேறு டீமுக்குப் போனார். மூன்றாவது சிப் வந்தது. பொது ஃபைல் யோசனையைப் புது லீடர் உடனே ஒப்புக்கொண்டார். இரண்டு டிரைவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வெற்று வரிகள்கூட என்னுடையவை. அப்போதுதான் கண்ணில் பட்டது. பழைய லீடருடைய சிப்பின் கவுன்ட்டர் முப்பத்திரண்டு பிட். மனுஷன் என் நாற்பத்தெட்டை அப்படியே விட்டுவைத்திருந்தார். கவுன்ட்டர் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம், நடக்காத வேலையைக் கோடி கோடியாகக் காட்டும்.

கெர்னல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தப்பைத் திருத்தி அனுப்பும்போது, அது யாருடைய எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று குறிப்பிட வேண்டும். உலகமே படிக்கும் மெயில் லிஸ்டில் அது நிற்கும். ஒரே கம்பெனி என்றால் முன்கூட்டியே போனில் காதோடு சொல்வார்கள். நான் சொல்லவில்லை. திருத்தத்தை முதலிலும் பொது ஃபைலை அதன் பின்னாலும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய், ஆத்தா வைத்த மீன்குழம்பில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போது அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அந்த நாப்பத்தெட்டு உன் ஃபைல்ல இருந்து வந்ததுதானே?"

"அப்படிங்களா சார்? அதை லிஸ்ட்ல எழுதுங்க. ஃபைல் என்னோடதுன்னு நீங்க எழுதிட்டா, மிச்சத்தை நான் விளக்கிர்றேன்."

"அது... எப்படிம்மா எழுதுறது?"

"அப்ப ஒவ்வொரு வரியும் நீங்களே ஒக்காந்து எழுதுனதுதான் சார்."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும், எனக்கென்ன.

மதியத்துக்குள் லிஸ்டில் அவர் பதில் வந்தது. கவுன்ட்டரின் அகலத்தைத் தவறாக எழுதியது தான்தான் என்றும், திருத்தத்துக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார். தப்பை ஏற்றுக்கொண்டார், திருட்டை ஏற்கவில்லை. என் பெயரைத் திருப்பித் தர அவருக்குக் கடைசிவரை மனசு வரவில்லை.

பொது ஃபைல் என் பெயரோடு கெர்னலில் சேர்ந்தது. அதற்காக, அவர் ஃபைலில் இருந்த என் வரிகளை நானே ஒவ்வொன்றாக உருவி எடுத்திருந்தேன். மேலே அவர் பெயரும், கீழே அந்தச் சிப்பின் எண்கள் சிலவும்தான் மிஞ்சின. அதில் முப்பத்திரண்டு என்று எழுதியது நான்.