சும்மா இருக்காத கை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போதெல்லாம் மறதியும் கூடிவிட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கரிவலம்வந்தநல்லூர் பக்கத்துத் தோட்டங்களில் பறிக்கிற மல்லிகையைக் காலையில் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவார். பூப்பறிக்கிற பெண்கள் நாலைந்து பேர் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வருவார்கள்.

அவருடைய குறட்டை தெருவுக்கே தெரியும். குறட்டை கேட்கிறவரை எனக்குப் பயமில்லை. நின்றால்தான் பயம். இழுத்துக்கொண்டே வந்து சட்டென்று நின்றுவிடும். அவர் வயிறும் நெஞ்சும் ஏறி இறங்கும், மூச்சு மட்டும் வராது. முதுகில் தட்டுவேன். ஒரு திணறலோடு மூச்சு திரும்பும். அவருக்கு அது ஒன்றும் தெரியாது.

மாசி மாதம் வண்டி ஓட்டும்போதே கண் அசந்துவிட்டார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி முள்ளுக்காட்டில் போய் நின்றது. பின்னால் இருந்தவர்களில் ஒருத்திக்கு முழங்கையில் அடி. மருமகள் வண்டியை எடுக்க விடாமல், எங்கள் இரண்டு பேரையும் திருநெல்வேலிக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். தூங்கும்போது தொண்டையில் மூச்சு வழி அடைபடுகிறது, அதனால்தான் பகலில் தூக்கம் தள்ளுகிறது, பிரஷரும் ஏறுகிறது என்றார் டாக்டர். விரலில் கிளிப், மூக்கடியில் சின்னக் குழாய், நெஞ்சில் பட்டை, இதையெல்லாம் மாட்டி வீட்டில் ஒரு ராத்திரி தூங்கச் சொல்லி ஒரு மெஷினைக் கொடுத்தனுப்பினார்கள்.

மறுபடி போனபோது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, லேசாகத்தான் இருக்கிறது என்றார்.

"நான் அப்பமே சொன்னேம்லா. நாளைக்கு வண்டிய எடுக்கேன்" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார் இவர்.

டாக்டருக்கு என்னவோ திருப்தியில்லை. அன்று ராத்திரி பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டார்.

"இல்ல சார். இவ ஹால்ல பேத்திகூடப் படுப்பா."

அது நாங்கள் ஊருக்குச் சொல்லிவைத்திருந்த பொய். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் ஒரே அறையா என்று சொந்தக்காரப் பெண்கள் கேலி பேசுவார்கள். அதனால் ஹாலில் பாய் விரிப்பேன். எல்லோரும் உறங்கியபின் எழுந்துபோய் இவர் கட்டிலோரம் உட்கார்ந்துகொள்வேன். விடியுமுன் திரும்பி வந்துவிடுவேன். மருமகளுக்கே தெரியாது. சோதனை ராத்திரியும் போனேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு நின்றபோதெல்லாம் தட்டினேன். மெஷின் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறது என்று தெரியும். ஆனாலும் மூச்சில்லாமல் கிடக்கிறவரைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார என்னால் முடியவில்லை.

டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார். நான் எந்த டாக்டரிடமும் வாய் திறந்தவள் இல்லை. என் காய்ச்சலுக்கே இவர்தான் பதில் சொல்வார். முழங்கையில் அடிபட்டவள் அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்து, அண்ணாச்சி என்றைக்கு வண்டி எடுப்பார் என்று கேட்டுப் போயிருந்தாள். நாளைக்கு அவள் அதில் ஏறுவாள்.

"நான் பக்கத்துலதான் இருந்தேன் சார்" என்றேன். டாக்டர் நிமிர்ந்தார். "மூச்சு நின்னா தட்டிவிடுவேன். அன்னைக்கும் விடிய விடியத் தட்டிக்கிட்டுதான் இருந்தேன்."

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஏட்டி, சும்மா இரு" என்றார் இவர், அடிக்குரலில்.

டாக்டர் அவரைக் கையமர்த்திவிட்டு, எத்தனை தடவை தட்டியிருப்பேன் என்று என்னையே கேட்டார். எண்ணவில்லை, காலையில் கையைத் தூக்க முடியவில்லை என்றேன்.

இரண்டாவது சோதனையை ஆஸ்பத்திரியிலேயே வைத்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. கடுமையாக இருக்கிறது என்று வந்தது. எடையைக் குறைக்கணும், மல்லாந்து படுக்கக்கூடாது, மது தொடக்கூடாது என்றார் டாக்டர். சிலருக்கு வாயில் மாட்டுகிற கருவி, சிலருக்கு ஆபரேஷன் உண்டாம். இவருக்குக் காற்றை உள்ளே தள்ளுகிற மாஸ்க் மெஷின்தான் சரி என்றார். அவர் பார்த்துச் சொல்கிறவரை வண்டியைத் தொடக்கூடாது.

திரும்பி வருகையில் இவர் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். மருமகள் என் காதோரம், "இனிமே ஹால்ல பாய் விரிக்க வேண்டாம் அத்தை" என்றாள். வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மாஸ்க் மாட்டி ஒரு மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் பிடுங்கிப் போட்டார். இப்போது மாட்டிவிட்டால் இருக்கிறார். பகலில் தூங்கி விழுவது குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு மாதம் கழித்து மறுபடி காட்டி, டாக்டர் சரி என்றால் வண்டி எடுக்கலாம் என்றுதான் சொன்னார்கள் என்கிறார் இவர். மூன்று மாதம் என்று என் காதில் விழுந்த ஞாபகம். என் ஞாபகத்தை நம்ப முடியாது, இவர் சொல்வதை நம்ப எனக்கு மனசு வரவில்லை. மருமகள் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்து, நான் எழுதியதை ஒரு தடவை சரிபார்க்கட்டும். டாக்டருக்கும் ஒரு போன் போட்டுக் கேட்கட்டும்.