மலைப்படியில் ஒரு பெயர்

எங்கள் சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்த வருஷம் என் பெண் குழந்தை பொன்னம்மா காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லையைப் பற்றியே பேசினார்கள். அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. "அழுதுக்கினே இருக்காதே, இன்னொண்ணு பொறக்கும்" என்றார் மாமியார். அடக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அவளுக்கு முதல் முடி இறக்குவதாகத் திருப்பதிக்கு வேண்டியிருந்தோம். "அவ முடிக்குப் பதிலா என் முடியக் குடுத்துட்டு வரலாம், வா" என்று வீட்டுக்காரர் அழைத்துப்போனார்.

மலைப்படியில் யாரோ "ஏழுகொண்டலவாடா!" என்று குரல் கொடுக்க, எல்லோரும் "கோவிந்தா!" என்றார்கள். நானும் கத்தினேன். கத்தக் கத்த, வாயில் "பொன்னம்மா!" என்று வந்துவிட்டது. வெட்கத்தோடு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முன்பின் தெரியாத தெலுங்குக்காரம்மா ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரு தல்லி அது? சொல்லு தாயி."

"எம்பொண்ணு. செத்துப்போயிட்டா."

அவள் என் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். "அடக்காதே தல்லி, அழு" என்றாள். பிறகு அவளே எழுந்து உரக்க, "பொன்னம்மா!" என்றாள்.

"கோவிந்தா!" என்றது படி நிறைந்த கூட்டம்.

நான் ஓவென்று அழுதேன். மேல்படியில் நின்ற என் வீட்டுக்காரரும் துண்டில் முகம் புதைத்து அழுதார். அவரும் அதுவரை அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் மொட்டை போட்டுக்கொண்டு வந்ததும், "பசிக்குதுங்க" என்றேன்.

இப்போதும் மனசு அடைத்தால் அவள் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். பக்கத்தில் இருந்தால் அவர், "கோவிந்தா" என்பார்.